கூடத்தில் கிடந்த இன்ஜின்

காலையில் வண்டியைக் கிளப்பினால் முதலில் அந்தச் சத்தம்தான் வரும். எவர்சில்வர் டம்ளருக்குள் ஸ்பூன்களைப் போட்டுக் குலுக்குவதுபோல இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு கடகடப்பு. கொஞ்சம் சூடேறியதும் அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று அவளும் சில மாதங்கள் கண்டுகொள்ளாமல் ஓட்டினாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். அந்த மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் அவளுக்கு வேலையே இல்லை. பின் சீட்டில் பையையும், சில நாள் மடக்கு வாக்கரையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஊரின் நாலு மூலைக்கும் போவாள்.

பிறகு ஒருநாள் சூடேறியும் சத்தம் அடங்கவில்லை. மேட்டுத் தெருவில் பேக்கரிக்காரர் வீட்டுக்கு ஏறும்போது வண்டி திணறியது. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கணவரிடம் சொன்னாள்.

"வண்டிக்குள்ள என்னமோ ஆடுது. நாளைக்கு ஒர்க்‌ஷாப்ல காட்டிட்டு வரேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

"நானும் கேட்டேன். டைமிங் செயின்தான்" என்றார். "கீழ கிராங்க் சுத்தறத மேல இருக்கற வால்வுக்குக் கொண்டுபோற சங்கிலி. ஓட ஓட அதோட மூட்டெல்லாம் தேஞ்சு, செயின் நீண்டு தொய்ஞ்சு போயிடும். பக்கத்துச் சுவத்துல அடிச்சுக்கிட்டே சுத்தும். அதான் சத்தம். நானே மாத்திடறேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வேலை."

அவர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிறார். சும்மா இருந்தால் போதாதா, கையில் ஸ்க்ரூ டிரைவர் ஏறிவிட்டது. குக்கர் பிடி, குழாய், மின்விசிறி எல்லாம் அவர் கை பட்டாயிற்று. மிக்ஸி அதற்குப் பிறகு ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது, அதுவும் அதற்கு மனசு வந்தால்.

"தம்பிகிட்ட குடுத்தா அரைநாள்ல முடிச்சுத் தந்துடுவாரே" என்றாள்.

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

அவருடைய தம்பி இதே தெருவின் வளைவில்தான் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். குடும்பத்தில் அவனுக்குச் 'சின்னவன்' என்றே பெயர். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. அதற்கும் காரணம் ஒரு மோட்டார்தான். அம்மா வீட்டுத் தண்ணீர் மோட்டாரை இவர் பழுது பார்க்கிறேன் என்று பிரித்து மாட்டி, சுவிட்சைப் போட்டதும் அது குபுகுபுவென்று புகைந்துவிட்டது. சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த நேரம். "நம்ம இன்ஜினியர் கைய வச்சா அது உருப்பட்டாப்லதான்" என்று சின்னவன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவள்கூட சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து சின்னவன் கடை வாசல் வழியாக இவர் நடப்பதில்லை. பால் வாங்கப் போவதென்றாலும் பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கூடத்துக்குள் வந்தது. வெளியே தூசி படக்கூடாதாம். சோபாவைச் சுவரோரம் தள்ளி, பழைய போர்வையை விரித்து, டாங்கைக் கழற்றி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். மாலைக்குள் இன்ஜினின் மேல்மூடி, பக்க மூடி, கிராங்கின் முனையில் கிண்ணம் போல மாட்டியிருந்த மேக்னெட் எல்லாம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தன. பழைய செயினை உருவி எடுத்துவந்து அடுப்படியில் அவளிடம் காட்டினார். ஒரு முனையைப் பிடித்துப் படுக்கைவாட்டில் நீட்டினார். விறைப்பாக நிற்க வேண்டியது வாடிய கொடிபோல வளைந்து தொங்கியது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல."

"பாத்தேன். எப்ப மாட்டுவீங்க?"

"புதுச் செயின் வாங்கியாச்சு. நாளைக்கு."

அந்த நாளைக்கு வரவே இல்லை.

முதலில் மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கிற கேஸ்கெட் பொருந்தவில்லை என்றார். அது வந்தது. பிறகு செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். செய்தார். பிறகு ஒரு ஸ்பேர் வர வேண்டும் என்றார். என்ன ஸ்பேர் என்றால் "சொன்னா உனக்குப் புரியாது" என்றார். அவள் பஸ்ஸில் போனாள். பஸ் போகாத இடத்துக்கு நடந்தாள். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு நட்டு காலில் குத்தியது.

எல்லாவற்றையும்விட அவளை அரித்தது பேக்கரிக்காரர் விஷயம்தான். பக்கவாதத்தில் வலது கை விழுந்த மனிதர். கை முஷ்டியாக இறுகிக் கிடந்தது. வாரத்தில் பாதி நாள் போய், ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நீவி, மாவு உருண்டையை அழுத்த வைத்து, அந்தக் கையைத் திறக்க வைத்திருந்தாள். கடைசியாகப் போனபோது ஒரு பன்னை அவராகவே எடுத்துத் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு பஸ் மேட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். ஒருமுறை நடந்தே ஏறிப் போனாள். போய்வர அரைநாள் ஓடிவிட்டது, மற்ற நோயாளிகள் காத்திருந்து போனில் கத்தினார்கள். அப்புறம் அங்கே போக முடியவில்லை. பயிற்சிகளை போனிலேயே அவர் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"சொல்றீங்க, சரிம்மா. நான் அடுப்பப் பாப்பேனா, கடையப் பாப்பேனா, இவர் விரல எண்ணிட்டு உக்காந்திருப்பேனா?" என்றாள் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒருநாள் மதியம் ஒரு நோயாளி வெளியூர் போய்விட்டதால் அவள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். படுக்கையறையில் பீரோ நகர்த்தப்பட்டிருந்தது. கணவர் கையில் டார்ச்சோடு கட்டிலுக்கடியில் குப்புறப் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"என்ன பண்றீங்க?"

உள்ளே டார்ச் அணைந்தது.

"எலி" என்றார்.

"எலியா?"

"ராத்திரி சத்தம் கேட்டுது."

மறுநாள் அவள் வேலையெல்லாம் முடித்து, பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்திலும் ஒரு எலிப்பொறி வாங்கி வந்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கட்டிலுக்கடியில் வைத்தார். அடுத்த நாள் சோபாவுக்கு அடியிலும் எலி தேடினார். அதற்கடுத்த நாள் குப்பைத் தொட்டியை முற்றத்தில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"குப்பைக்குள்ளயும் எலியா?"

அவர் குந்தியபடியே இன்னொரு கை குப்பையைக் கிளறினார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்துச் சின்னவனைக் கூப்பிட்டாள். அவர் எதிரிலேயே பேசினாள்.

"தம்பி, சரக்கு வண்டி ஒண்ணு கொண்டுவாங்க. வண்டி கூடத்துல கிடக்கு. மொத்தத்தையும் அள்ளிட்டுப் போங்க."

"அவன எதுக்குக் கூப்புடற?" என்று எழுந்தார் கணவர். "ஒரே ஒரு சாமான்தான் வேணும். அது வந்தா முடிஞ்சுது."

"என்ன சாமான்?"

மென்று விழுங்கினார். "மேக்னெட் கீ. அரை நிலா மாதிரி சின்னதா இருக்கும். கிராங்க் தண்டுல பள்ளத்துல உக்காரும். அது இருந்தாத்தான் மேக்னெட் நேரா நிக்கும். கழட்டும்போது எங்கயோ விழுந்துடுச்சு."

"அப்ப எலி?"

"எலி இல்ல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை. எலிப்பொறியை எடுத்து அவர் டூல் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சின்னவன் வந்தான். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன அண்ணன் வெளியே வரவில்லை. இவ்வளவு தண்ணீர் ஒரு மனிதர் குடிக்க முடியுமா என்று அவள் எண்ணிக்கொண்டாள். சின்னவனும் அண்ணனைப் பற்றி விசாரிக்கவில்லை. சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு வண்டியை ஏற்றிப் போய்விட்டான்.

ஒர்க்‌ஷாப்பில் பின்னாலேயே போன அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, சின்னவன் மேக்னெட்டைக் கையிலெடுத்துத் துணியால் துடைத்தான். உள்பக்கம் விரலை விட்டுத் தடவினான். நகத்தால் எதையோ கிள்ளி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அரை நிலா வடிவில் சின்ன இரும்புத் துண்டு.

"எங்கயும் விழல அண்ணி. காந்தம் இல்லையா, உள்ள ஒட்டிட்டு இருந்திருக்கு. அழுக்கோட அழுக்கா. எனக்கும் ஒருதடவ இப்படி ஆகி, தரையையே கொத்தினேன்."

கட்டில், பீரோ, சோபா, குப்பைத் தொட்டி எல்லாம் அவள் கண்முன் வந்து போயின. அவள் நடந்த நடை எல்லாம் வந்து போயிற்று. அந்தத் துண்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. அது மறுபடி தொலைந்தால் யார் தேடுவது என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் வண்டி தயார் என்றான். புதுச் செயின், புதிய கேஸ்கெட், செயின் மாட்டும் பற்சக்கரங்களின் குறிகளெல்லாம் நேருக்கு நேர். கிளப்பினான். கடகடப்பு முன்னளவுக்கு இல்லை. ஆனால் இருந்தது. கூர்ந்து கேட்டால் அடியில் ஒரு டிக் டிக்.

"தம்பி, சத்தம் இருக்கே."

"புதுச் செயின் அண்ணி. ஓட ஓட செட் ஆகிடும்."

"செட் ஆகுமா?"

"ஆகிடும். மேட்டுல மட்டும் இப்போதைக்கு முறுக்காதீங்க."

மேட்டில் முறுக்காமல் மேட்டுத் தெருவுக்கு எப்படிப் போவது? கேட்க வாயெடுத்தாள். அவன் அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். மேடில்லாத தெருக்களில் இருந்த வீடுகளுக்கு மட்டும் போனாள். ஓட ஓடச் சத்தம் செட் ஆகவில்லை, நன்றாகச் செழித்தது. திரும்பிப் போய்ச் சொன்னாள். ஆயில் புதுசாக ஊற்றினான், அப்புறம் செட் ஆகும் என்றான். ஒரு ஆண்பிள்ளை நாளைக்கு என்றார், இன்னொரு ஆண்பிள்ளை செட் ஆகும் என்கிறான், நடுவில் தான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அன்று காலை வாசலில் வண்டியைக் கிளப்பி நின்றபோது, கணவர் கையில் செய்தித்தாளோடு படியில் வந்து நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கைட்ட மாத்தலையா அவன்?"

அவள் இன்ஜினை அணைத்தாள். "என்ன கைட்டு?"

"செயினோட முதுகுல சாய்ஞ்சு நிக்கற பட்டை. ரப்பர் வச்சிருக்கும். டென்ஷனர் அந்தப் பட்டையத்தான் தள்ளும். நம்ம வண்டில அதுல செயின் அறுத்து அறுத்துப் பள்ளம் விழுந்துடுச்சு. அத மாத்தாம புதுச் செயின் போட்டா, டென்ஷனர் கடைசி வரைக்கும் தள்ளினாலும் எட்டாது. செயின் தொளதொளன்னுதான் ஓடும்."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கழட்டின அன்னிக்கே. புதுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேனே."

"எங்க?"

அவர் உள்ளே போய் மேசை டிராயரைத் திறந்து எடுத்து வந்தார். கவர்கூடப் பிரிக்காத புதிய பட்டை, கறுப்பாக, லேசாக வளைந்து.

"ஏன் இத அந்தச் சாக்குல போடல?"

"அவன் கேக்கலையே" என்றார்.

அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

"அவர் கேக்கலையா? நான் கேட்டனே. தினம் தினம் கேட்டனே. பஸ்ஸுல நின்னு வந்து கேட்டேன், கால் வீங்கி வந்து கேட்டேன். கட்டிலுக்கடியில படுத்துட்டு எலின்னீங்க. மேட்டுத் தெருவுல ஒரு மனுஷன் விரல் மடங்கிப்போய் உக்காந்திருக்காரு. உங்க ரெண்டு பேருக்கும் அது ஒரு பொருட்டா தெரியல. ஒருத்தர் கேக்கல, ஒருத்தர் சொல்லல. நல்லா இருக்கு."

"நீயும் அன்னிக்குச் சிரிச்ச" என்றார் அவர், மிகத் தாழ்ந்த குரலில்.

எதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அம்மா வீட்டு முற்றம், புகை, சிரிப்பு. அவர் சொன்னது உண்மை என்பதே இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சிரிச்சேன். தப்புதான்" என்றாள். "அதுக்கு என்னைய நடக்க வச்சது போதும். ஏறுங்க பின்னாடி."

"எங்க?"

"ஏறுங்கன்னா ஏறுங்க."

வண்டி கடகடவென்று தெருவளைவு வரை போனது. ஒர்க்‌ஷாப் வாசலில் அண்ணனைப் பார்த்ததும் சின்னவன் கையிலிருந்த ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் செருகிக்கொண்டான். அவள் புதிய பட்டையை வண்டி சீட்டின் மேல் வைத்தாள்.

"தம்பி, பழைய பட்டைய நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் அண்ணி. கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு. கடையில ஸ்டாக் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு..."

"கொஞ்சமா?" என்றார் அண்ணன். "விரல் உள்ள போகற பள்ளம்."

"விரலெல்லாம் போகாது. நகம் போகும்."

"நகம் போனாப் பத்தாதா?"

"மேக்னெட்டுக்குள்ள கீய வச்சுக்கிட்டு வீட்டையே பெருக்கினவங்க பள்ளத்தப் பத்திப் பேசறாங்க."

அண்ணன் காது சிவந்தது. "காந்தத்துக்குள்ள பாக்கணும்னு தோணல. ஒத்துக்கறேன். பட்டைய மாத்தணும்னு எனக்குத் தோணுச்சு. உனக்குத் தோணல. அதையும் ஒத்துக்க."

சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஸ்பானரை வெளியே எடுத்து, வண்டியின் பக்க மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். அவள் ஸ்டூலை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது முடியற வரைக்கும் நான் நகரமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் நகரக் கூடாது."

முடிய வெகு நேரம் ஆனது. வேலை கொஞ்சம், வாக்குவாதம் நிறைய. பட்டையின் போல்ட்டை இறுக்குவதிலிருந்து டென்ஷனரை எந்தப் பக்கம் திருகி உள்ளே அடக்குவது என்பதுவரை எல்லாவற்றுக்கும் இரண்டு கருத்து இருந்தது. ஒருவர் மேலே செயினைக் கம்பியால் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவன் கீழே குனிந்து கோக்க வேண்டியிருந்தது. "விட்டுடாதண்ணே, உள்ள விழுந்துடும்" என்று சின்னவன் வேலை மும்முரத்தில் சொன்னான். "எனக்குத் தெரியும்டா" என்றார் அவர். வாயில் 'அண்ணே', 'டா' என்று வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். சந்தோஷப்படக்கூட அப்போது அவளுக்குத் தெம்பில்லை. கடிகாரத்தையும் போனில் வந்து விழுந்த அழைப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கிளப்பினார்கள். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. சத்தம் இல்லை. இரண்டு பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். குறை கண்டுபிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுவதுபோல இருந்தது.

கணவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை.

"எங்க போற?"

"மேட்டுத் தெருவுக்கு."

"நான் எதுக்கு?"

"வந்து பாருங்க."

வண்டி இருவரையும் சுமந்துகொண்டு மேட்டில் முனகாமல் ஏறியது. பேக்கரிக்கு மேல் மாடியில் ஜன்னலோரம் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகப் புதைந்திருந்தன. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டை விரலை மெதுவாகப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. ஒருவேளை முதலுக்கும் முன்னாலிருந்து.

"வண்டி சரியாயிடுச்சா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். நாக்கு இன்னும் கொஞ்சம் குழறியது. கிண்டல் குழறவில்லை.

"ஆயிடுச்சு."

"நல்லது. வண்டிக்காவது ஆச்சே."

அவர் மனைவி கீழேயிருந்து படியேறி வந்து, ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். வண்டியில் கூட வந்த கணவர் அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்தக் கையையே பார்த்தார்.

"என்னாலதாங்க" என்றார் கடைசியில். "வண்டிய நான்தான் பிரிச்சுப் போட்டுட்டேன். தம்பிகிட்ட குடுத்திருக்கணும். வீம்பு."

பேக்கரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு வீம்பு. எனக்குக் கை."

"ஆமாங்க."

அவள் வெந்நீரில் துணியை நனைத்து முஷ்டியைச் சுற்றிக் கட்டினாள். சூடு இறங்கும்வரை காத்திருந்து, மணிக்கட்டை மடக்கி, சுண்டு விரலில் ஆரம்பித்தாள். வலித்தது. பேக்கரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார், அவளைத் திட்டினார், இன்னொரு முறை திட்டினார். அவள் கேட்டுக்கொண்டாள். சுண்டு விரல் ஒரு கோதுமை மணி அளவுக்கு விலகியது.

"பின்னாலருந்து அவர் தோளப் பிடிச்சுக்கங்க, ஆடாம" என்று அவள் கணவரிடம், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அவர் எழுந்து வந்து பேக்கரிக்காரரின் தோளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"அதுல என்னதான் கோளாறு?" என்று பேக்கரிக்காரர் வலியை மறக்கக் கேட்டார். "ஒரு வண்டியச் சரி பண்ண இத்தன நாளா?"

"டைமிங் செயினுங்க. அது கிராங்க்ல இருந்து மேல போகும், அதுக்கு முதுகுல ஒரு பட்டை..."

"ஏங்க" என்றாள் அவள். "தோளப் பிடிங்க. பேசாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் மோதிர விரலுக்குப் போனாள்.